அவர் ஞாயிறு என்றுதான் சொன்னார்

எனக்கு அறுபத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சாமான் கடையில், தேங்காய் துருவும் திருவலைக்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்பது எனக்கு மறந்துபோனது. சொல் நாக்கு நுனியில் நிற்கிறது, விழ மாட்டேன் என்கிறது. கையைச் சுழற்றிக் காட்டினேன். கடைக்காரர் முட்டை அடிக்கும் கம்பியை எடுத்துக் காட்டினார். நான் தலையை ஆட்டிவிட்டு இன்னும் வேகமாகச் சுழற்றினேன். இடியப்ப உரலை எடுத்தார். கடைசியில் அவர் பொறுமை இழந்து, என்ன வேண்டுமென்று தமிழிலேயே சொல்லலாமே என்றார். அவர் தமிழ் பேசும் முஸ்லிம். இருபது வருடமாக அவரிடம் தமிழில்தான் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் நான் முப்பத்து மூன்று வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவள். புதுக்கடை நீதிமன்றத்தில் தொடங்கி, கொழும்பைச் சுற்றியுள்ள பல நீதிமன்றங்களில், சாட்சி தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும், வக்கீல் சிங்களத்தில் கேட்பதைத் தமிழிலும், சில நேரம் இரண்டையும் ஆங்கிலத்திலும் நின்ற நிலையில் சொல்லிக்கொண்டிருந்தவள். சொல்லுக்காக நான் காத்திருந்ததில்லை, சொற்கள்தான் எனக்காக வரிசையில் நின்றன. அப்படிப்பட்டவள் ஒரு திருவலைக்காக நடுக்கடையில் கையைச் சுழற்றிக்கொண்டு நின்றேன். வீட்டுப் படியேறும்போது 'ஹிரமணய' என்ற சொல் தானாக வந்து சேர்ந்தது. எனக்கு அழுகை வந்தது.

பயந்துவிட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். மூளை மழுங்கத் தொடங்கிவிட்டது என்றே முடிவுகட்டினேன். பிறகு ஒரு மாதம் எனக்கு நானே வைத்தியம் பார்த்தேன். காலையில் வல்லாரைச் சம்பல், பின்னேரம் பத்திரிகையில் குறுக்கெழுத்து, படுக்கப் போகும்முன் ஏழு ஏழாகக் கழித்து எண்ணுவது. போனில் வந்த ஒவ்வொரு அறிவுரையையும் கடைப்பிடித்தேன். ஒன்றில் இடது கையால் பல் விளக்கச் சொல்லியிருந்தது. விளக்கினேன், பல்முரசு புண்ணானதுதான் மிச்சம். வெளிநாட்டிலிருக்கும் மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, நீங்களாக ஒன்றும் செய்யாமல் ஒழுங்காக ஒரு டொக்டரிடம் காட்டுங்கோ என்று அங்கிருந்தபடியே ஒரு கிளினிக்கில் நாள் எடுத்துத் தந்தாள். புதன்கிழமை காலை பத்து மணி. என் கணவர் துணைக்கு வந்தார்.

கிளினிக்கில் நடந்ததைச் சொல்லுமுன் என் தொழிலின் ஒரு சட்டத்தைச் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மட்டக்குளியில் மீன் விற்கும் ஒரு அம்மா சாட்சி சொல்ல வந்தார். சம்பவம் காலையிலா பின்னேரத்திலா நடந்தது என்று கேட்டதற்கு, பயத்தில் காலை என்றார், பிறகு வெயில் சாய்ந்துவிட்டது என்றார், பிறகு மீன் எல்லாம் விற்று முடிந்திருந்தது என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து, பின்னேரம் என்று ஒரே சொல்லில் சிங்களத்தில் சொல்லிவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் தமிழர். எழுந்து, சாட்சி சொன்னது அதுவல்ல என்றார். இடைவேளையில் நீதவான் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அம்மாவுக்கு நான் உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், உண்மையில் அவருடைய வாயைப் பறித்துவிட்டேன் என்றார். சாட்சி தடுமாறுவதும் சாட்சியம்தான், அதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை என்றார். மூக்கு உடைபட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு சாட்சியின் பேச்சையும் நான் பூசி மெழுகியதில்லை. தடுமாறினால் தடுமாற்றத்தோடு சொல்வேன், உளறினால் உளறலையும் சொல்வேன். இருமினால் மட்டும் இருமவில்லை.

கிளினிக் டொக்டர் சிங்களப் பெண். என் மகளைவிட இளையவர், அமைதியான முகம். சில படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார், சரியாகச் சொன்னேன். ஒரு மணிக்கூடு வரையச் சொன்னார், வரைந்தேன். மூன்று சொற்களைத் தந்து நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, தாளைப் பார்த்தபடி, இன்றைக்கு என்ன கிழமை என்று சிங்களத்தில் கேட்டார். அந்தக் குரல் அப்படியே ஒரு வக்கீலின் குரல். என் கணவர் எனக்கு இடப்பக்கம், ஒரு கை தூரத்தில், நீதிமன்றத்தில் சாட்சி நிற்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பத்து மூன்று வருடப் பழக்கம் லேசில் விடுமா? கேள்வி எனக்குத்தான் என்பது தலையில் ஏறவே இல்லை. நான் கணவர் பக்கம் திரும்பினேன்.

"இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேக்கிறா."

அவர் யோசித்தார். "ஞாயிறு," என்றார். "பூசைக்கு நேரமாச்சு, என்ன?"

நான் டொக்டர் பக்கம் திரும்பி, புதன்கிழமை என்று சிங்களத்தில் சொன்னேன்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சில வருடங்கள் வவுனியாவில் வேலை செய்தவராம், தமிழ் கதைப்பார். எழுத வாசிக்கத் தெரியாது, ஆனால் கேட்டால் விளங்கும்.

"அன்ட்டி," என்றார் தமிழில், "அங்கிள் ஞாயிறு எண்டுதானே சொன்னது?"

உடனே மூன்று காரணம் சொன்னேன். அவருக்குப் பகிடியும் சிரிப்பும் கூடுதல், ஓய்வு பெற்ற மனிசருக்கு எல்லா நாளும் ஞாயிறுதான், காதும் கொஞ்சம் மந்தம். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். டொக்டர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, அவரிடம் தனியாகக் கொஞ்சம் கதைக்கவேண்டும், நீங்கள் வெளியே உட்கார முடியுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. சோதிக்க வந்தது என்னை, கேள்வி கேட்பது அவரையா? ஆனாலும் எழுந்து போனேன்.

வெளியே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்த அந்த முக்கால் மணி நேரம் என் வாழ்க்கையில் மோசமான முக்கால் மணி நேரம். கோபம் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. அடங்கியதும், கொஞ்ச காலமாக நடந்தவை ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

என் கணவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் கிளார்க்காக இருந்தவர். கலியாணம் முடித்து நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்த பிறகும், ஞாயிறு பூசைக்கு மட்டக்குளி பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்துக்குத்தான் போவார். ஒரு ஞாயிறு பூசைக்கென்று போனவர் மொரட்டுவையில் இருந்து போன் எடுத்தார். காலி வீதியில் எதிர்ப்பக்க பஸ் ஹோல்ட்டில் நின்று ஏறியிருக்கிறார். ரோட்டு வேலை நடக்கிறது, பஸ்களை மாற்றி விடுகிறார்கள், எவருக்கும் குழம்பும் என்று மகளிடம் சொன்னேன். ரோட்டு வேலை நடந்தது உண்மை. ஆனால் அது பம்பலப்பிட்டியில், எங்கள் ஹோல்ட்டில் இல்லை.

சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் பழைய துறைமுக நண்பர்களோடு முன்னூற்று நாலு என்ற கார்ட் ஆட்டம் விளையாடுவார். யார் கையில் எந்தக் கார்ட் கிடக்கிறது என்பதைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர் என்று அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர். ஒரு நாள் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து விளையாடியபோது, நடு ஆட்டத்தில், என்ன துரும்பு என்று கேட்டார். மற்றதையெல்லாம் வெட்டும் அந்தத் துரும்பைத் தெரிந்து வைத்ததே அவர்தான். எல்லோரும் கார்ட்டைப் பிடித்தபடி அவரையே பார்த்தார்கள். தேத்தண்ணி கொண்டுவந்த நான், உங்களைக் குழப்பத்தான் நடிக்கிறார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மகள் போன் எடுத்து அப்பாவிடம் ஏதாவது கேட்டால், அவர் வாயைத் திறக்குமுன் நான் பதில் சொன்னேன். பேரப்பிள்ளையின் பெயருக்கு அவர் தேடும்போது நான் எடுத்துக் கொடுத்தேன். கடையில் அவர் நின்று யோசித்தால் நான் சொன்னேன். அவர் பாதியில் விட்ட வசனங்களை எல்லாம் முடித்து வைத்தேன், அதுவும் வடிவாக. நீதிமன்றத்தில் முன்பின் தெரியாத சாட்சிக்கு ஒரு சொல் திருத்தாதவள், வீட்டில் என் சொந்த மனிசனின் சாட்சியம் முழுவதையும் திருத்திக்கொண்டிருந்தேன். என்னை ஏமாற்றியது வேறு யாருமில்லை, நானேதான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

பிறகு இரத்தப் பரிசோதனை, தலையை ஸ்கேன் பண்ணுவது, காதுப் பரிசோதனை என்று இரண்டு வாரம் ஓடியது. டொக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். எனக்கு இருப்பது வயது. பழைய றெக்கோட் அறை கிளார்க்கைப் போல, கோப்பு உள்ளேதான் இருக்கிறது, எடுத்துவரத்தான் நேரமாகிறது என்று நான் எனக்கு விளங்கிக்கொண்டேன். அவருக்கு இருப்பது வேறு. சில கோப்புகள் அறைக்குள் வந்து சேருவதே இல்லை. ஆரம்ப நிலைதான் என்றார் டொக்டர். அடியோடு நிறுத்த மருந்து இல்லை, மெதுவாக்க வழி உண்டு. அதை அவர் மழுப்பாமல் நேராகச் சொன்னது எனக்குப் பிடித்தது.

அவர் சொன்ன வழிகளில் இடது கையால் பல் விளக்குவது இருக்கவில்லை. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னார், ஏனென்றால் மூளைக்குள் ஓடும் சின்னச் சின்னக் குழாய்களை அதுதான் கெடுக்கிறது. காதுக்குக் கருவி போடச் சொன்னார். காது மந்தமானால் மூளை தன் பலத்தையெல்லாம் சத்தத்தைப் பிடிப்பதிலேயே செலவழித்துவிடும், கேட்டதை நினைவில் வைக்க மிச்சம் இருக்காது, பிறகு மனிசர் கூட்டத்தை விட்டே ஒதுங்கிவிடுவார் என்றார். தினமும் மூச்சு வாங்க நடக்கவேண்டும், ஒழுங்காக நித்திரை கொள்ளவேண்டும், ஆட்களோடு கதைத்துப் பழகவேண்டும். வல்லாரைச் சம்பலும் குறுக்கெழுத்தும் கெடுதல் இல்லையாம், ஆனால் அவற்றை மட்டும் நம்பி இருக்கக்கூடாதாம்.

கடைசியாக என்னைப் பார்த்து, நீங்கள் அவருக்காகப் பதில் சொல்கிறீர்கள், அதை நிறுத்தவேண்டும் என்றார். தேடுகிற வேலையை அவருடைய மூளை செய்யவேண்டும், நீங்கள் செய்துகொடுத்தால் அது செய்யாமலே விட்டுவிடும். கேள்வி கேட்டபின் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். பிழையாகச் சொன்னால் சொல்லட்டும்.

பத்து என்பது பெரிய எண் இல்லை என்று நினைப்பவர்கள் என்னைப்போல் வாய் சும்மா இருக்காத ஒருத்தியாக ஒரு நாள் இருந்து பார்க்கவேண்டும். வேறு இரண்டு பேருக்காகக் கதைத்துச் சீவித்தவள் நான். முதல் வாரம் மூன்றுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. ஐந்துக்குப் போனபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன், உண்மையாகவே கடித்தேன். பத்தைத் தொட ஒரு மாதம் எடுத்தது.

காலையில் கடற்கரைப் பக்கம், றெயில் பாதையோரமாக, தெஹிவளைப் பக்கம் போய்த் திரும்பி வந்தோம். எனக்கு முழங்கால் நொந்தது, அவருக்கு ஒன்றும் இல்லை. கருவாட்டைக் குறைத்தேன். அதற்கு அவர் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. காதுக் கருவியைப் போட்ட முதல் நாள், நம்முடைய வீட்டு ஃபேன் இவ்வளவு சத்தமா என்று கேட்டார். இவ்வளவு காலமும் நீ கத்திக் கத்திக் கதைத்தது எதற்கு என்று இப்போதுதான் விளங்குகிறது என்றார். அன்று இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

ஒரு காலை, மீன்காரன் சைக்கிளில் வந்தபோது, அவரைத் தனியே கீழே அனுப்பிவிட்டு நான் பல்கனியில் நின்றேன். பாரை வாங்கச் சொல்லியிருந்தேன். மீன்காரன் சிங்களத்தில் என்ன வேண்டுமென்று கேட்டான். அவர் பேசாமல் நின்றார். நான் மேலே நின்று எண்ணத் தொடங்கினேன். பாரைக்குச் சிங்களத்தில் 'பராவ்', கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஏழு வந்தது, எட்டு வந்தது. மீன்காரன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒன்பதில் அவர் எதையோ சொன்னார். மேலே வந்தபோது பையில் சாளை இருந்தது. எனக்குச் சாளை பிடிக்காது, முள்ளு. அன்று மத்தியானம் சாளைக் குழம்பு வைத்து, நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லாமல், ஒரு முள்ளும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மகளுக்கு இது இன்னும் கஷ்டமாக இருந்தது. வீடியோவில் அப்பா ஒரே கதையை இரண்டாம் தரம் தொடங்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் புகுந்து பேச்சை மாற்றுவேன் என்று. நான் மாற்றவில்லை. ஒரு நாள் அவள் அழுதுவிட்டாள். ஏன் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறீங்கள் என்று என்னை ஏசினாள். அப்பாவின் கதை அப்பாவுடையது, இரண்டு தரம் சொன்னால் இரண்டு தரம் கேள் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். அவள் கேட்டாள். இரண்டாம் தரம் சொன்னபோது, முதல் தரம் விட்டுப்போன ஒரு விஷயம் அதில் வந்தது. அவள் பிறந்த செய்தி துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது கையிலிருந்த பட்டியலை அப்படியே கடலில் போட்டாராம். அது எனக்கே தெரியாத கதை.

சனிக்கிழமைகளில் நானும் அவரோடு கொட்டாஞ்சேனைக்குப் போய் முன்னூற்று நாலு பழகினேன். வயதான மூளைக்குப் புதிதாக ஏதாவது பழக்கவேண்டும் என்று டொக்டர் எனக்குத்தான் சொல்லியிருந்தார். நான் அவருக்குப் பங்காளி. அவர் துரும்பை மறப்பார், நான் விளையாட்டையே மறப்பேன். அந்த மேசையில் எங்களைப்போல் தோற்றவர்கள் இல்லை. அவருடைய நண்பர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன், நடிக்கிறார் என்ற கதை பொய் என்றும் சொன்னேன். அவர்கள் அது தங்களுக்கு எப்போதோ தெரியும் என்றார்கள். பிறகு துரும்பு எதுவென்று ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி மேசை நடுவில் வைத்தார்கள். ஆட்டத்தின் சட்டத்துக்கு அது முழுக்க விரோதம். அதைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் ஆடினோம்.

ஆறு மாதம் கழித்து அதே கிளினிக், அதே டொக்டர், அதே இரண்டு கதிரை. இந்த முறை சோதனை அவருக்கு. நான் உள்ளே இருக்கலாம், ஆனால் கேட்டால் ஒழிய வாய் திறக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பார்ப்போமே என்று கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டொக்டர் கிழமை கேட்டார், இவர் செவ்வாய் என்றார், சரி. மாதம் பிழை. மூன்று சொற்களில் ஒன்றைச் சொன்னார், இரண்டு போய்விட்டது. மணிக்கூட்டில் முள்ளைப் பிழையாகப் போட்டுவிட்டு, பிறகு தானே பார்த்துத் திருத்தினார். ஒவ்வொரு கேள்விக்கும் நான் மனதுக்குள் எண்ணினேன், பல தடவை பத்தைத் தாண்டிப் பதினைந்துக்குப் போனேன். ஒரு தடவையும் வாய் திறக்கவில்லை. டொக்டர் கூட்டிப் பார்த்துவிட்டு, போன முறை இருந்த இடத்திலேயே நிற்கிறார், இறங்கவில்லை என்றார். இந்த நோயில் இறங்காமல் நிற்பது பெரிய விஷயம் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் எழுந்து டொக்டரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. டொக்டர் ஒரு தாளை அவர் முன்னால் வைத்து, ஏதாவது ஒரு வசனம், உங்களுக்கு விருப்பமானது எதுவென்றாலும் எழுதுங்கோ என்றார். அவர் பேனாவை எடுத்து, தாளின் மேல் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பிறகு அவர் குனிந்து எழுதினார், துறைமுகத்தில் பழகிய அதே சரிந்த எழுத்து. எழுதி முடித்துத் தாளை டொக்டரிடம் தள்ளினார். அதில் பொருள் இருக்கிறதா, முழு வசனமா என்பதற்குத்தான் புள்ளி. டொக்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தாளை என்னிடம் தந்து, என்ன எழுதியிருக்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார்.

ஒன்று கேட்டதற்கு இரண்டு வசனம் எழுதியிருந்தார். 'எனக்கு மறதி வந்தது இவவுக்குத் தெரியமுதலே எனக்குத் தெரியும். இவ பயப்படுவா என்றுதான் சொல்லவில்லை.'

இரண்டு தரம் வாசித்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் காத்திருந்தார். இரண்டு வசனத்தையும் அவர் எழுதியபடியே சிங்களத்தில் சொன்னேன்.  டொக்டர் பேனாவை எடுத்து, அந்தக் கேள்விக்கு அவருக்கு முழுப் புள்ளி போட்டார்.